சமூக மாற்றத்தைப் புரிந்துகொள்ள எந்த ஆவணத் தொடரிலிருந்து தொடங்கலாம்?

நான் பரிந்துரைப்பது பிரிட்டனின் 'அப்' தொடர். 1964-ல் கிரனாடா தொலைக்காட்சி, வெவ்வேறு வர்க்கங்களைச் சேர்ந்த ஏழு வயதுப் பிள்ளைகள் 14 பேரைப் பேட்டி எடுத்தது. முதல் படத்தில் ஆய்வாளராக வேலை பார்த்த மைக்கேல் ஆப்டெட், அப்புறம் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்களைத் தேடிப் போய்ப் படமெடுத்தார். 2019-ல் அவர்களுக்கு வயது 63.

முதல் படத்திலேயே ஒரு இடம் மனதைப் பிசையும். வசதியான வீட்டுப் பையன் ஒருவன் தான் 'ஃபைனான்சியல் டைம்ஸ்' என்ற வணிக நாளிதழைப் படிப்பதாகச் சொல்கிறான். குழந்தைகள் காப்பகத்தில் வளரும் பால் என்ற பையனோ, "பல்கலைக்கழகம்னா என்ன?" என்று கேட்கிறான். இரண்டு பேருக்கும் ஒரே வயது! வர்க்கம் என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

ஆனால் பிறப்பே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடவில்லை. ஏழு வயதில் துறுதுறுவென்று பேசிய நீல் என்பவர், 28 வயதில் ஸ்காட்லாந்தில் ஒரு கேரவனில் தனியாக வாழ்ந்தார். 42-ல் லண்டனில் உள்ளாட்சி உறுப்பினர்.

தொடரின் பெரிய குறை, 14 பேரில் பெண்கள் நான்கே பேர். ஆப்டெட்டே பிற்பாடு இதற்காக வருந்தினார். அவர்களின் 49 வயதில் எடுத்த '49 அப்'பில், அந்த நால்வரில் ஒருவரான ஜாக்கி ஆப்டெட்டின் கேள்விகளையே எதிர்த்து வாதிடுவதைத் தவறாமல் பாருங்கள். அந்த நாற்பது ஆண்டுகளில் பெண்கள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்பது அவர் குரலிலேயே கேட்கும்.