பதில்: ஸ்டீராய்டு அண்ணனுக்கு நீரை வற்றவைத்தது, எனக்கு ஏன் சேர்த்தது?

ஆஸ்துமாவுக்கு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கிய பிறகு இடக்கண் நடுவே சாம்பல் வட்டம், ஓசிடி எனும் விழித்திரை ஸ்கேனில் விழித்திரைக்கு அடியில் நீர் என்கிறீர்கள். சர்க்கரை நோயுள்ள அண்ணனுக்கோ கண்ணில் போட்ட ஸ்டீராய்டு ஊசியில் விழித்திரை வீக்கம் வடிந்தது.

இரண்டும் வேறு வேறு நீர். அவருக்கு விழித்திரைக்குள்ளேயே நுண்குழாய்கள் கசிந்தன. ஸ்டீராய்டு அழற்சியைத் தணித்து அந்தச் சுவரை இறுக்கும். உங்களுக்குக் கசிவு கீழே, விழித்திரைக்கு அடியில் இருக்கும் கோராய்டு என்ற இரத்தநாள அடுக்கில். பிரெட்னிசோலோன் போன்ற கார்டிசால் வகை மருந்துகள், உடலின் உப்பைக் கட்டுப்படுத்தும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனுக்கான ஏற்பியிலும் ஒட்டும். அதனால் கோராய்டு நாளங்கள் விரிந்து, விழித்திரைக்கு அடியிலிருந்து நீரை வெளியேற்றும் நிறமி அடுக்கு திணறுகிறது என்பதே இன்றைய விளக்கம்.

மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். 3 வாரத்துக்கு மேல் எடுத்திருந்தால் உடலின் சொந்தக் கார்டிசாலைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கலாம். நெஞ்சக மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இன்ஹேலர், மூக்கு ஸ்பிரே, தோல் களிம்பு, மூட்டு ஊசி எல்லாவற்றையும் கண் மருத்துவரிடம் சொல்லுங்கள். களிம்பைத்தான் பலரும் சொல்ல மறப்பார்கள்.

பெரும்பாலும் 3, 4 மாதத்தில் தானே வற்றும். வற்றாவிட்டால் வெர்டிபோர்ஃபின் என்ற மருந்தைப் பாதி அளவில் செலுத்தி, ஒளியால் அதைத் தூண்டும் ஒளிச்சிகிச்சை பற்றிக் கேளுங்கள். அந்த ஆல்டோஸ்டிரோன் ஏற்பியைத் தடுக்கும் எப்ளெரினோன் மாத்திரை, கோட்பாட்டில் பொருத்தமாகத் தெரிந்தாலும், 2020இல் வெளியான விசி (VICI) என்ற மருத்துவ ஆய்வில் போலி மாத்திரையைவிட மேலாக இல்லை, பொட்டாசியத்தையும் ஏற்றும்.