பனியா, மேகமா? செயற்கைக்கோள் பனிக் கண்காணிப்பு – கேள்வி பதில்

கேள்வி (கல்லூரி மாணவர், தாம்பரம்): சார், இமயமலைப் படத்தில் பனியும் வெள்ளை, மேகமும் வெள்ளை. எப்படிப் பிரிக்கிறார்கள்?

பதில்: கண்ணால் பார்த்துப் பிரிப்பது கஷ்டம் தம்பி. 1.6 மைக்ரான் அலைநீளமுள்ள, கண்ணுக்குத் தெரியாத குறுஅலை அகச்சிவப்பு ஒளியில்தான் சூட்சுமம். அந்த ஒளியைப் பனி விழுங்கிக் கறுத்துவிடும். நீர்த்துளி மேகம் பளிச்சென்றே நிற்கும். பச்சை ஒளி எவ்வளவு எதிரொளிக்கிறது என்ற அளவிலிருந்து இந்த அகச்சிவப்பின் அளவைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். 0.4-க்கு மேல் வந்தால் பனி என்று கொள்வது வழக்கம். உதாரணமாக, பச்சை 0.8, அகச்சிவப்பு 0.1 என்றால் 0.78, பனிதான். பச்சை 0.6, அகச்சிவப்பு 0.5 என்றால் 0.09, மேகமாக இருக்கலாம். ஏரித் தண்ணீருக்கும் இந்த எண் ஏறிவிடும். அதனால் சிவப்பு ஒளியை அடுத்துள்ள அண்மை அகச்சிவப்பையும் சேர்த்துப் பாருங்கள். அதில் தண்ணீர் இருண்டிருக்கும், பனி மின்னும். உயரத்துப் பனிப்படிக மேகங்கள் இதையும் ஏமாற்றும். வரைபடம் கைக்கு வந்ததும் மூலப் படத்தைத் திறந்து ஒருமுறை பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள்.

கேள்வி (அம்பத்தூர்): நாள் முழுக்க மேகம் மூடியிருந்தால்?

பதில்: நாசாவின் டெரா, அக்வா செயற்கைக்கோள்கள் இரண்டும் ஒரே இடத்தை வெவ்வேறு நேரத்தில் கடக்கின்றன. இரண்டு படங்களையும் சேர்த்தால் இடைவெளி குறையும்; எட்டு நாள் படங்களைத் தொகுத்தால் இன்னும் குறையும். ரேடாருக்கு மேகம் தடையே இல்லை. உருகத் தொடங்கிய ஈரப்பனியில் எதிரொலி சட்டென்று குறைவதால் உருகும் காலத்தை அது நன்றாகக் காட்டும். உலர்ந்த பனியை ஊடுருவிவிடும் என்பதால் அதைச் சரியாகக் காட்டாது. 2025 ஜூலை 30 அன்று நம் பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நிசார் ஒரு ரேடார் செயற்கைக்கோள்தான்.

கேள்வி (இல்லத்தரசி, வேளச்சேரி): இதனால் நம் குழாய்த் தண்ணீருக்கு ஏதாவது உண்டா?

பதில்: நேரடியாக இல்லை அம்மா. பூண்டிக்கு வரும் கிருஷ்ணா நீரும் வீராணத்துக்கு வரும் காவிரி நீரும் மழையை நம்பியவை. சட்லெஜ் மீது நிற்கும் பக்ரா அணைக்கோ பனி உருகுநீர் முக்கியம்.

கேள்வி (பொறியாளர், அண்ணா நகர்): பனிப் பரப்பு தெரிந்தால் எவ்வளவு தண்ணீர் வரும் என்று சொல்லிவிடலாமா?

பதில்: கூடாது. பலரும் சறுக்குவது இங்கேதான். பத்து செ.மீ. புதுப்பனி உருகினால் சுமார் ஒரு செ.மீ. தண்ணீர், அதே பத்து செ.மீ. இறுகிய பழம்பனியென்றால் நான்கு செ.மீ. வரை வரலாம். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வெள்ளைப் பரப்பு. ஆழத்தைக் கணிக்கும் நுண்ணலைக் கருவிகளின் ஒரு புள்ளியே பல கிலோமீட்டர் அகலம். இமயத்தின் குறுகிய பள்ளத்தாக்குகளுக்கு அது உதவாது. மலையில் ஆள் போய் அளந்த ஆழமும் அடர்த்தியும் இல்லாமல் தண்ணீர்க் கணக்கு போடாதீர்கள்.

கேள்வி (தாம்பரம் மாணவரே): புராஜெக்டுக்கு எந்தப் படம் எடுக்கட்டும் சார்?

பதில்: ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள், இலவசம். குறுஅலை அகச்சிவப்பில் 20 மீட்டர் துல்லியம். ஒரே ஒரு ஆற்றுப்படுகை, பிப்ரவரி முதல் மே வரை போதும்.