நிலவேம்பு: சுங்கை சிப்புட்டில் வந்த கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், கோயில் மண்டபத்தில் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தவை இவை. பதில் சொல்பவள் அரசாங்கக் கிளினிக்கின் மருந்துக் கவுண்டரில் பல வருடம் நின்று ஓய்வுபெற்றவள்.

மாமியார் சிறியாநங்கை என்கிறார். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா 'ஹெம்பெடு பூமி' என்கிறார். நிலவேம்பு வேறா?

மூன்றும் ஒரே செடிதான். ஹெம்பெடு என்றால் பித்தம். கசப்புக்குப் பொருத்தமான பெயர்! அந்தக் கசப்பில் முக்கியமானது ஆண்ட்ரோகிராஃபோலைடு. ஆராய்ச்சியில் பெரும்பாலானவை அதைச் சுற்றித்தான். பெரியாநங்கை வேறு செடி, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அப்பாவுக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்). கிளினிக் மாத்திரையோடு காலையில் சாறும் குடிக்கிறார். சரியா?

இன்று வந்த சீட்டுகளில் பாதி இந்தக் கேள்விதான். எலிகளுக்குக் கொடுத்தபோது சர்க்கரை இறங்கியது உண்மை. மனிதர்களிடம் நடந்த சோதனைகளோ சிறியவை. அதை நம்பி மாத்திரையை விட முடியாது, அம்மா.

எனக்குப் பெரிய கவலை வேறு. மாத்திரையும் சாறும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மேல் இறக்கிவிடலாம், முக்கியமாக கிளிக்ளசைடு எடுப்பவர்களுக்கு. பால்மரம் (ரப்பர்) சீவி ஓய்ந்த ஒரு தாத்தா என் கவுண்டருக்கு வந்தார். வியர்வையில் சட்டை நனைந்திருந்தது, சீட்டை நீட்டிய கை நடுங்கியது. பையில் ஹார்லிக்ஸ் போத்தல் நிறையக் கரும்பச்சைச் சாறு. காலைச் சாப்பாட்டை விட்டிருந்தார், மாத்திரையை விடவில்லை. சர்க்கரை இறங்கியதற்குச் சாறு காரணமா, பட்டினி காரணமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அப்பாவின் போத்தலை அடுத்த தடவை கிளினிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். திட்டினால் திட்டட்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் கேட்காமல் குடிக்கக் கூடாது.

சளிக்கு எத்தனை இலை?

சளி, தொண்டை வலிக்குத்தான் இதற்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆனால் அந்தச் சோதனைகளில் கொடுத்தது அளந்த சாரம், அதுவும் சில நாட்களுக்கு மட்டும். பூக்கும் பருவம், மண், வெயில் என்று இலைக்கு இலை சத்து மாறும். அதனால் 'பத்து இலை' என்று நான் எண்ணிச் சொன்னால் அது பொய்க் கணக்கு.

கோவிட்டுக்குத் தாய்லாந்தில் இதைத்தானே கொடுத்தார்கள்?

ஆமாம், தம்பி. அங்கே இது 1999-லேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறிவிட்டது. 2021-இல் லேசான கோவிட்டுக்கும் கொடுத்தார்கள். நிமோனியாவைத் தடுக்கிறது என்று வந்த ஓர் ஆய்வறிக்கையை, கணக்கில் பிழை இருந்ததால் எழுதியவர்களே திரும்பப் பெற்றார்கள். வாட்ஸ்அப்பில் முதல் செய்திதான் சுற்றியது!

இலைதானே, என்ன செய்துவிடும்?

பலருக்கு ஒன்றும் செய்யாது. சிலருக்கு வயிற்றுப் புரட்டல், தடிப்பு. எச்ஐவி நோயாளிகளிடம் ஆண்ட்ரோகிராஃபோலைடை வைத்து நடந்து 2000-இல் வெளியான சோதனையில் ஒருவருக்குக் கடும் ஒவ்வாமை வந்தது. சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் 2015-இல் இதே ஒவ்வாமையைப் பற்றி எச்சரித்தது. நாக்கில் சுவை போய்விட்டது என்ற புகார்களும் உண்டு. முகம் வீங்கினால், மூச்சு இழுத்தால் நேரே அவசரப் பிரிவுக்கு.

மகள் முழுகாமல் இருக்கிறாள். கொடுக்கலாமா?

வேண்டாம்.

டெங்கி என்றதும் ஊரிலிருந்து நிலவேம்புக் குடிநீர்ப் பொடி அனுப்பினார்கள்.

அது தனி நிலவேம்பு இல்லை. சுக்கு, மிளகு, வெட்டிவேர், சந்தனம் என்று ஒன்பது சரக்கு சேர்ந்தது. டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள், ஆனால் அதைக் குடித்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போகாமல் இருக்காதீர்கள். டெங்கியில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம். 'காய்ச்சல் விட்டுவிட்டது, பொடி வேலை செய்கிறது' என்று வீட்டில் படுத்துவிடுவதுதான் எனக்குப் பயம்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஹெம்பெடு பூமி மாத்திரை விற்கிறார்கள். வாங்கலாமா?

போத்தலில் 'MAL' என்று தொடங்கி, எண்களுக்குப் பின்னால் 'T' என்ற எழுத்து வரும் பதிவு எண்ணைத் தேடுங்கள். எண் இருந்தால் மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான என்பிஆர்ஏ (NPRA) இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், உண்மையா என்று தெரிந்துவிடும். எண் இல்லாத பாரம்பரிய மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்து பிடிபட்டது உண்டு. இரண்டே நாளில் மூட்டு வலி பறந்து, பசி எடுத்து, கொஞ்ச நாளில் முகம் உப்பினால் இலையைக் குறை சொல்லாதீர்கள். ஆனால் பல நாள் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாது. போத்தலோடு டாக்டரிடம் போங்கள்.