தாத்தாவின் மாத்திரை

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகன், மனிதனும் குரங்கும் ஒரே மூதாதையின் வழிவந்தவர்கள் என்று வாதாடுகிறான். கடவுள் படைத்தார் என்று நம்பும் குடும்பம் எங்களுடையது. அப்படியானால் குரங்குகள் ஏன் இன்னும் இருக்கின்றன, ஓர் உயிர் மாறியதை யார் பார்த்தது என்று கேட்டால் எதிர்த்துப் பேசுகிறான். என் அப்பாவுக்கு இந்தச் சத்தம் ஆகவில்லை. காசநோய்க்கு, இருமல் நின்றதும் இரண்டு மாதத்தில் மாத்திரையை விட்டவர். இப்போது நோய் திரும்பி, பழைய மருந்து கேட்காமல் வேறு மருந்து சாப்பிடுகிறார். மகனை எப்படித் திருத்துவது?

பதில்: மகனை அப்புறம் பார்ப்போம். அப்பாவுக்குப் பழைய மருந்து ஏன் கேட்கவில்லை? போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள், என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

காசநோய்க் கிருமியின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும், ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான காசநோய் மருந்தைத் தாங்கும் கிருமி உருவாகிவிடும். ஆறு மாத மருந்தைப் பாதியில் விட்டால், எளிதில் சாகிறவை செத்துவிட, தாங்குகிறவை மிஞ்சிப் பெருகும். 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தைத் தனியாகக் கொடுத்தபோது தேறிய பலர் சில மாதங்களில் மறுபடி விழுந்தது இதனால்தான். ஒன்றுக்குத் தப்புவதை இன்னொன்று கொல்லட்டும் என்றுதான் இன்று பல மருந்துகளைச் சேர்த்துத் தருகிறார்கள். யார் பார்த்தது என்றா கேட்கிறீர்கள்? உங்கள் வீட்டுக் கட்டிலிலேயே நடந்திருக்கிறது.

கிருமி கிருமியாகத்தானே இருக்கிறது என்பீர்கள். மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்கள் சிம்பன்சிக்கு 24 ஜோடி, நமக்கு 23. ஒரே மூதாதை என்றால் ஒரு ஜோடி எங்கே போனது? நம் இரண்டாவது குரோமோசோமில் இருக்கிறது. முனைகளில் மட்டும் இருக்க வேண்டிய மரபணு வரிசை அதன் நடுவில் கிடக்கிறது. இரண்டு குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டிய தழும்பு அது. குரங்குகள் இன்னும் இருப்பதா கேள்வி? சித்தப்பா பிள்ளைகள் உயிரோடு இருப்பதால் நீங்கள் உங்கள் தாத்தாவுக்குப் பேரன் இல்லை என்று ஆகிவிடுமா?

கடவுளை நம்புங்கள், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் பிள்ளை சரியாகப் படித்து வந்ததை அடக்குவது பக்தியில் சேராது. அவனைத் திருத்தக் கிளம்பிய நீங்கள், அப்பா மாத்திரையை விட்டபோது எங்கே இருந்தீர்கள்? இருமல் நின்றது, போதும் என்று இருந்துவிட்டீர்கள். பெற்றவரின் மாத்திரையை எண்ணிப் பார்ப்பது மகனின் கடமை. அதை மருமகள் தலையிலோ மருத்துவமனை நர்ஸ் தலையிலோ கட்டக் கூடாது.

இந்த முறை கடைசி மாத்திரை வரை உங்கள் கையால் கொடுங்கள். பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைத் தாத்தாவுக்குப் பேரன் சொல்லட்டும். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். வீட்டில் மற்றவர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனை செய்தீர்களா? கடிதத்தில் அதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்த வாரமே எல்லோரையும் அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.