கொல்லிமலை மழையில் நின்று நின்று ஓடும் வண்டி

மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறுகையில் உங்கள் பைக் மழையில் அடைத்து நின்று, அரை மணி நேரம் கழித்துத் தானாகவே கிளம்புவதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்காக, பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரைக் கழற்ற வேண்டியதில்லை. முதலில், எஞ்சினுக்குள் பொறி மூட்டும் ஸ்பார்க் பிளக்கின் ரப்பர் மூடியைப் பாருங்கள்.

பெரும்பாலும் அது வெடித்திருக்கும். முன்சக்கரம் வாரியிறைக்கும் தண்ணீர் அந்த வெடிப்பு வழியே புகுந்துவிட்டால், மின்சாரம் பிளக்கின் முனைக்குச் செல்லாமல் எஞ்சினின் உடலுக்கே கசிந்துவிடும். எஞ்சின் சூட்டில் ஈரம் உலர்ந்ததும் எல்லாம் சரியாகிவிடுவதால்தான், மறுநாள் மெக்கானிக் "ஒன்றுமே இல்லையே" என்கிறார்.

இருட்டிய பிறகு, திறந்த வெளியில் வண்டியை ஓடவிட்டு, மூடியின் மீதும் அதன் வயரின் மீதும் தெளிப்பானால் லேசாக நீர் தெளியுங்கள். நீலப் பொறி தாவினாலோ எஞ்சின் தடுமாறினாலோ குறை அங்கேதான். கையால் மட்டும் தொடாதீர்கள், உதறி எறிந்துவிடும். மூடியின் விலை சொற்பம்.

வெயில் நாளிலும் தடுமாறினால் காரணம் வேறு: டேங்க் மூடி வழியே நீர் இறங்கியிருக்கலாம். கார்புரேட்டரின் அடித்திருகைத் தளர்த்திச் சிறிது பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்தால், நீர் அடியில் தனியாகத் தங்குவது தெரியும்.

ஆகாய கங்கை அருவியைத் தேடி மண்பாதைகளில் வண்டியை இறக்கியதாகவும் எழுதியிருக்கிறீர்கள், அது தேவையில்லை. அருவி சாலையிலிருந்து தெரியாது. அறப்பளீஸ்வரர் கோயிலருகே நிறுத்திவிட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் நடந்துதான் இறங்க வேண்டும். ஐயாற்றில் வெள்ளம் பெருகினால் குளிக்க விடமாட்டார்கள். திரும்புகையில் அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பெட்ரோலை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் உருட்டாதீர்கள். நனைந்த டிரம் பிரேக் சரியாகப் பிடிக்காது.