எண்ணெய் விட்டும் ஏறாத கம்ப்ரெஷன்

வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் 2009ஆம் ஆண்டு மாருதி ஆம்னி வேன் ஒன்று இருக்கிறது. அதன் என்ஜின் சீஸ் ஆகிவிட்டதால், கேஸில் ஓடிக்கொண்டிருந்த வேறொரு ஆம்னியிலிருந்து இறக்கிய என்ஜினைப் பழைய உதிரிபாகக் கடையில் வாங்கிப் பொருத்தினேன். ‘டேப்பட் (வால்வை இயக்கும் பாகம்) சத்தம்கூட இல்லாத என்ஜின்’ என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆனால் ஐடிலிங்கில் வண்டி குலுங்குகிறது, மேட்டில் இழுக்கவில்லை. ஸ்பார்க் பிளக்கையும் பிளக் வயரையும் மாற்றிய பிறகும் மிஸ்ஸிங் நிற்கவில்லை. கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்தும் அழுத்தம்) பார்த்தபோது முதல் சிலிண்டரில் 165, இரண்டாவதில் 160, மூன்றாவதில் 95 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) வந்தது. மூன்றாவதில் சிறிது எண்ணெய் விட்டுப் பார்த்ததில் 102 ஆனது. ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) போய்விட்டது, ரீபோர் (சிலிண்டரின் உட்சுவரைக் கடைவது) செய்ய வேண்டும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: இப்போது செய்ய வேண்டாம். ரிங் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு என்பதை உங்கள் கடிதத்தில் உள்ள எண்களே காட்டுகின்றன.

ஒரு என்ஜினில் மிகக் குறைந்த சிலிண்டரின் அளவு, மிக அதிகமான சிலிண்டரின் அளவில் முக்கால் பங்குக்குக் குறையக்கூடாது என்பது பட்டறைகளில் பொதுவாகக் கடைப்பிடிக்கும் கணக்கு. 165இல் முக்கால் பங்கு ஏறத்தாழ 124 ஆகும். 95 அதற்கு வெகு கீழே இருப்பதால் மூன்றாவது சிலிண்டரில் கசிவு இருப்பது உறுதி. ஆனால் காற்று எங்கே கசிகிறது என்பதை கேஜ் (அழுத்தமானி) சொல்லாது. அதைப் பிரித்தறியத்தான் எண்ணெய் விட்டுப் பார்க்கிறோம். பிளக் துளை வழியாக விடும் ஒரு சிறு தேக்கரண்டி எண்ணெய், பிஸ்டனைச் சுற்றிப் படிந்து ரிங்குக்கும் போருக்கும் (சிலிண்டரின் உட்சுவர்) இடையிலுள்ள இடுக்கைத் தற்காலிகமாக அடைக்கும். ரிங் தேய்ந்திருந்தால் கேஜ் முள் 30, 40 பிஎஸ்ஐ வரைகூடத் தாவும். உங்களுக்கு ஏறியதோ வெறும் 7. எண்ணெயால் அடைக்க முடியாத இடத்தில், அதாவது வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ (சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) காற்று போகிறது. கேஸ்கெட் இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே வெந்திருந்தால் இரண்டாவது சிலிண்டரும் சேர்ந்து இறங்கியிருக்கும். அது 160இல் நிற்பதால் என் சந்தேகம் வால்வின் மேல்தான்.

அந்தச் சந்தேகத்துக்கு வலுச் சேர்ப்பது, கடைக்காரர் பெருமையாகச் சொன்ன ‘சத்தமில்லாத டேப்பட்’ என்ற அதே வார்த்தை. கேஸ் உலர்ந்த எரிபொருள். அதில் நெடுநாள் ஓடிய என்ஜினில் எக்ஸாஸ்ட் வால்வு (புகையை வெளியேற்றும் வால்வு) மூடும்போது உட்காரும் சீட் சிறிது சிறிதாகத் தேய்ந்து, வால்வு ஹெட்டுக்குள் ஏறிக்கொண்டே போகும். வால்வு மேலே ஏற ஏற ராக்கருக்கும் (வால்வை அழுத்தித் திறக்கும் கை) வால்வின் தண்டுக்கும் நடுவே விட்டிருந்த இடைவெளி குறையும், டேப்பட் சத்தமும் அடங்கும். கேட்பவருக்கு என்ஜின் பட்டுப்போல ஓடுவதாகத் தோன்றும். இடைவெளி முழுவதும் போய்விட்டால் வால்வு சீட்டில் சரியாக உட்காராமல், எரியும் வாயு அந்தச் சந்து வழியாக வெளியேறி வால்வின் விளிம்பையே கருக்கத் தொடங்கும். பழைய என்ஜின் வாங்குவோர் லேசான டேப்பட் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம்; கேஸில் ஓடிய என்ஜினில் சத்தமே இல்லாவிட்டால்தான் பயப்பட வேண்டும்.

ஆகவே முதல் வேலையாக டேப்பட் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். ஆம்னியில் என்ஜின் முன் இருக்கைக்குக் கீழே இருப்பதால், இருக்கையைத் தூக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும். என்ஜின் முழுக்கக் குளிர்ந்த நிலையில், மூன்றாவது பிஸ்டனைக் கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கின் உச்சிக்குக் கொண்டுவந்து, ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) இரண்டு வால்வுகளிலும் நுழைத்துப் பாருங்கள். மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை என்றால் காரணம் கைக்கு அகப்பட்டுவிட்டது. உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு இடைவெளியைத் தளர்த்திவிட்டு மறுபடி கம்ப்ரெஷன் பாருங்கள். 140க்கு மேல் ஏறினால் தற்சமயத்துக்கு ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. பெட்ரோலிலேயே ஓட்டி, ஆயிரம் கிலோமீட்டரில் இடைவெளியை ஒருமுறை சரிபார்த்தால் போதும்.

இடைவெளி சரியாக இருந்தும், அல்லது சரிசெய்த பிறகும் அளவு ஏறவில்லை என்றால் காற்றுச் சோதனை செய்யலாம். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது வண்டியை நான்காவது கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு (இல்லாவிட்டால் காற்று பிஸ்டனைக் கீழே தள்ளிவிடும்), பிளக் துளையில் பொருந்தும் அடாப்டர் வழியாகக் கம்ப்ரெஸர் காற்றைச் செலுத்த வேண்டும். அதன் பிறகு காதுதான் கருவி. சைலன்ஸர் வாயில் ‘உஸ்’ என்று கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் ஃபில்டர் பக்கம் கேட்டால் இன்லெட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் என்று கொள்ளலாம். எண்ணெய் ஊற்றும் வாயில் மெல்லிய சீறல் நல்ல என்ஜினிலும் இருக்கும். பலமாக வந்தால்தான் ரிங்கைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இன்னொரு வாய்ப்பையும் மறந்துவிடாதீர்கள். கடையில் மாதக்கணக்கில் கிடந்த என்ஜினில் ஏதாவது ஒரு வால்வு திறந்த நிலையிலேயே நின்றிருக்கும். அந்தச் சீட்டில் ஈரம் பட்டுத் துரு பிடித்திருக்கலாம். ஏற்றி இறக்கும்போது உதிர்ந்த கரித்துண்டு ஒன்று அங்கே மாட்டியிருக்கலாம். இத்தகைய கசிவு சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் தானாகவே குறைவதும் உண்டு. டேப்பட் இடைவெளி சரியாக இருந்தால் மட்டும் இப்படிக் காத்திருக்கலாம்.

கடைசியில் ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் கடைக்காரரிடம் தெரிவித்துவிட்டுக் கழற்றுங்கள். நாமே திறந்துவிட்ட என்ஜினுக்கு எந்தக் கடையிலும் மாற்று கேட்க முடியாது. ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, பிளக்கைப் பூட்டி, எரிஅறையில் மண்ணெண்ணெய் ஊற்றினால், எந்த வால்வின் பின்னால் சொட்டுகிறது என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். லேத் பட்டறையில் சீட் கட்டிங்கும் வால்வு மாற்றமும் செய்தால் போதுமானது. போரைத் தொட வேண்டிய அவசியம் இருக்காது.

கேள்வி: மாற்று டீசல் என்ஜினுக்கும் இதே கேஜையும் எண்ணெய்ச் சோதனையையும் பயன்படுத்தலாமா? (மதுரை வாசகர்)

பதில்: கூடாது. பெட்ரோல் கேஜ் பெரும்பாலும் 300 பிஎஸ்ஐ வரையே காட்டும். டீசல் என்ஜினின் கம்ப்ரெஷன் 400 பிஎஸ்ஐ அளவுக்குப் போகும் என்பதால் கேஜே உடைந்துவிடக்கூடும். ஹீட்டர் பிளக் அல்லது இன்ஜெக்டர் துளையில் பூட்டும் டீசல் கேஜ்தான் வேண்டும். டீசலின் எரிஅறை சிறியது. அதில் எண்ணெய் விட்டால் அளவு பொய்யாக ஏறும் என்பதோடு, அந்த எண்ணெய் அழுத்தத்தில் தானே தீப்பற்றவும் கூடும்.

கேள்வி: எங்கள் பட்டறையில் வைத்து அளந்தபோது மூன்று சிலிண்டரிலும் 110 மட்டுமே வந்தது. கடைக்காரரோ 160 என்று அளந்து காட்டித்தான் கொடுத்தார். ஏமாற்றப்பட்டேனா? (சென்னை வாசகர்)

பதில்: மூன்றும் ஒரே அளவில் குறைந்தால், என்ஜினைச் சந்தேகிப்பதற்கு முன் அளந்த விதத்தைச் சந்தேகியுங்கள். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்காமல் அளந்தால் உள்ளே போதிய காற்று போகாது. நானே தொழிலுக்கு வந்த புதிதில் இப்படி அளந்துவிட்டு ஒரு நல்ல என்ஜினைக் கழித்துக் கட்டப் பார்த்தேன். பேட்டரி இறங்கியிருந்து செல்ஃப் மெதுவாகச் சுற்றினாலும், மற்ற பிளக்குகளைக் கழற்றாமல் விட்டாலும் அளவு குறையும். எல்லா பிளக்குகளையும் கழற்றி, இக்னிஷனையும் எரிபொருளையும் துண்டித்து, சூடான என்ஜினில் ஐந்தாறு சுற்றுச் சுற்றி அளந்து பாருங்கள். அப்போதும் 110தான் என்றால் டைமிங் பெல்ட் பூட்டும்போது ஒரு பல் தள்ளிப் பூட்டப்பட்டிருக்கிறதா என்று குறிகளை ஒப்பிடுங்கள். குறிகளும் பொருந்தியிருந்தால் மட்டும் பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம், ஆர்.சி.யில் என்ஜின் எண்ணை மாற்றிப் பதிவு செய்யவும் அதே பில் தேவைப்படும் என்பதால், அசலைக் கொடுத்துவிடாமல் நகலைக் கொடுங்கள்.