மீம்ஸ் பார்த்துத்தான் மக்களுக்கு வரி மேல் வெறுப்பு வருகிறதா?

வெறுப்பு முன்பே இருந்ததுதான், மீம்ஸ் அதற்கு ஒரு உருவம் கொடுக்கிறது என்பேன். 2024 டிசம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் பாப்கார்னுக்கு விளக்கம் சொன்னபோது நடந்ததைப் பாருங்கள்: உப்பு, மசாலா போட்டு உதிரியாக விற்றால் 5%, பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டினால் 12%, கேரமல் பூசினால் 18%. சர்க்கரை சேர்ந்தால் அது மிட்டாய் வகைக்குள் போய்விடுகிறது என்பதுதான் காரணம், புதிதாக வரி எதுவும் போடவில்லை. ஆனால் அந்தக் காரணத்தை யார் ஷேர் செய்வார்கள்? மூன்று விகிதம் மட்டும் ஒரே படத்தில் சுற்றியது. அதற்குச் சில மாதம் முன்பு கோவையில் பன்னுக்கு வரி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18% என்று ஒரு ஓட்டல்காரர் நிதியமைச்சரிடமே கேட்ட வீடியோவும் அப்படித்தான் ஊரெல்லாம் ஓடியது.

இதில் நல்லதும் உண்டு. சிக்கலான விகிதங்கள் சாதாரண ஆளுக்கும் புரிந்துவிட்டன, 2025 செப்டம்பர் மாற்றத்தில் உப்புப் பாப்கார்ன் எப்படி விற்றாலும் 5% ஆகிவிட்டது.

எனக்கு எரிச்சல் தருவது வேறு. 'நாங்கள் மட்டும்தான் வரி கட்டுகிறோம்' என்று மாதச் சம்பளக்காரர்கள் போடும் பதிவுகள். வருமான வரியை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு, சோப்பும் பிஸ்கட்டும் வாங்குகிற கூலித் தொழிலாளியும் ஜிஎஸ்டி கட்டுகிறார் என்பதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.